இருங்க, இன்னும் பாக்கல

ஆயக்குடிக் கொய்யா ஒன்றைக் கையில் கொடுத்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? சட்டையில் துடைத்துவிட்டு ஒரு கடி கடிப்போம். கங்காணி கடிக்க மாட்டார். காம்புப் பக்கம் பார்ப்பார், அடிப்பக்கம் பார்ப்பார், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பழனிக்குப் போய்விட்டுக் கொடைக்கானலுக்கு ஏறும்போதெல்லாம் நான் ஒரு பை நிறைய வாங்கி வருவேன். நான் இரண்டு பழம் தின்று கையைக் கழுவிய பிறகும் அவர் கையில் இருப்பது முழுசாகவே இருக்கும்.

"ஏம்மா, அது கொய்யாப்பழம். என்னமோ மாப்பிள்ளை பாக்குற மாதிரில்ல பாக்குற!"

"இருங்கண்ணே, இன்னும் பாக்கல" என்பார்.

பார்த்து முடித்ததும் ஒரே ஒரு ஓரத்தை மட்டும் கிள்ளி எறிவார். புழு அந்த ஓரத்தில்தான் இருக்கும். என் வயிற்றுக்குள் போன இரண்டில் எத்தனை புழு இருந்ததோ, அதை நினைத்து இனி என்ன ஆகப்போகிறது!

ஆதார் அட்டையில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். தாத்தா அங்கே கங்காணியாக இருந்தாராம், கூலி ஆட்களை வேலைக்கு நிறுத்தி மேய்க்கிறவர். பேத்தி கொடைக்கானல் மேல்மலையில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்க ஆரம்பித்ததும் பழைய பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. காலையில் ஆள் சேர்ப்பதை அவர் 'பெரட்டு' என்றுதான் சொல்வார். "பெரட்டுக்கு வெள்ளனே வந்துருங்க" என்றால் ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும். வயதில் என்னைவிடப் பதினைந்து வருடம் இளையவர். ஆனாலும் 'அவள்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

நான் ஜீப் டிரைவர். வீடு அட்டுவம்பட்டியில். சீசனுக்கு மலையேறி வருகிறவர்களுக்கு ஏரியையும் பாறையையும் முப்பது வருடம் சுற்றிக் காட்டியவன். மனைவி போன பிறகு அந்தக் கூச்சல் பிடிக்கவில்லை. மேல்மலையில் பழைய புல்வெளியை மீட்கிற குழு ஒன்று ஆட்களை ஏற்றிப்போக ஜீப் தேடியது, சரி என்று போய்விட்டேன்.

வேலை நடந்த இடம் ஆற்றின் நடுவே இருந்த ஒரு திட்டு. மேலிருந்து வருகிற ஆறு அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு, கீழே மறுபடி சேரும். குழுவின் ஆபீஸில் அதைத் தீவு என்பார்கள். கோடையில் முழங்கால் தண்ணீரில் நடந்தே போய்விடலாம், அதற்குத் தீவு என்ற பெயர் கொஞ்சம் அதிகம்தான். ஒரு காலத்தில் அது முழுக்கப் புல்லாக இருந்ததாம். பிறகு யாரோ நட்ட வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம் கரையிலிருந்து பரவி, திட்டு முழுவதையும் மூடி, புல்லைக் கொன்றுவிட்டது. அந்த வாட்டிலை எடுத்துவிட்டுப் புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் வேலை.

இந்த வேலையில் கங்காணியைப் போல ஒரு ஆளை வைத்துக்கொள்வது பெரிய சோதனை. கத்தியோடு பத்துப் பேர் நிற்பார்கள். அவர் பாறையில் உட்கார்ந்து திட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சோலிய ஆரம்பிக்கலாமா, கங்காணி? பொழுது ஏறுது" என்று பாண்டியம்மா கேட்பாள். எங்கள் குழுவிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான்.

"இரு, இன்னும் பாக்கல."

"இவுக பாத்து முடிக்கிறதுக்குள்ள மரம் தானா செத்துப் போகும்."

எல்லோரும் சிரிப்போம். கங்காணியும் சிரிப்பார். எழுந்திருக்க மாட்டார்.

அவர் பார்வையை நான் முதன்முதலில் நம்பியது ஒரு காட்டுமாட்டால். ஒரு நாள் காலை, வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒற்றைக் காட்டுமாடு நிற்கிறது. பத்து ஆள் கனம் இருக்கும். இடது பக்கம் புதரை ஒட்டி ஜீப் நுழைகிற அளவு இடம் இருந்தது. முப்பது வருட டிரைவர், எத்தனை மாட்டைப் பார்த்திருப்பேன்! கியரைப் போட்டேன்.

"இருங்கண்ணே."

"எடம் கெடக்கும்மா. வெரசா போயிரலாம்."

"அது நம்மளப் பாக்கல. காத மட்டும் எடது பக்கமே திருப்பிக்கிட்டு இருக்கு. ஏன்னு பாப்போம்."

இன்ஜினை அணைத்தேன். பின்னால் பத்துப் பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி, அரை மணி. பிறகு நான் நுழையப் பார்த்த அந்த இடது புதரிலிருந்து ஒரு கன்று கால் தடுமாறி வெளியே வந்தது. அதன் பின்னால் தாய். நான் நுழைந்திருந்தால் கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் ஜீப் நின்றிருக்கும். மூன்றும் இறங்கிப் போன பிறகும் நான் சாவியைத் திருப்பக் கொஞ்ச நேரம் ஆனது.

இரண்டாவது, தீ. வாட்டிலை வெட்டிய பிறகு கிளைகளைக் குவித்து எரிப்பது எங்கள் வழக்கம். இடமும் சுத்தமாகும், டீயும் கொதிக்கும். அடுத்த மழைக்குத் திட்டில் வாட்டில் கன்றுகள் நாற்றங்கால் மாதிரி முளைத்து நின்றன. எல்லோரும் தலையில் கைவைத்தோம். கங்காணி இரண்டு நாள் குந்தி உட்கார்ந்து அந்தக் கன்றுகளையே பார்த்தார். மூன்றாம் நாள் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். கன்றுகள் எல்லா இடத்திலும் இல்லை. வட்ட வட்டமாக, நாங்கள் தீ வைத்த இடத்தில் மட்டும் அடர்ந்திருந்தன. மண்ணுக்குள் வருடக்கணக்காகத் தூங்கிக் கிடந்த விதையை எங்கள் சூடுதான் எழுப்பிவிட்டிருக்கிறது.

"யாரு வச்ச தீ இது?" என்று பாண்டியம்மா மற்றவர்களை முறைத்தாள்.

"பாதி நான் வச்சது. டீக்கு" என்றார் கங்காணி. அவ்வளவுதான். அதன் பிறகு திட்டில் யாரும் தீக்குச்சி கிழித்ததில்லை. டீயை வீட்டிலிருந்தே பிளாஸ்க்கில் கொண்டுவந்தார்கள். கன்றுகளை ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்க ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது.

புல் வந்தது. முட்டி அளவுக்கு வந்து, காற்றில் படுத்து எழுந்தது. புல்லைத் தேடி ஒரு சின்னப் பறவையும் வந்தது. நெட்டைக்காலி என்று பெயர். பார்ப்பதற்குச் சிட்டுக்குருவிக்குக் கொஞ்சம் நீளக் கால் வைத்த மாதிரி இருக்கும். மேல்மலைப் புல்வெளியை விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது. மரத்தில் கூடு கட்டாது, புல்லின் அடியில் தரையிலேயே கட்டும். இரண்டோ மூன்றோ முட்டை. முதல் கூட்டைக் கண்டுபிடித்த அன்று கங்காணி அழுதார். வாட்டிலை வெட்டிய கையைத் தாவணி முனையில் — அவர் சேலைதான் கட்டுவார், அன்று குளிருக்கு ஒரு பழைய தாவணியைத் தோளில் சுற்றியிருந்தார் — துடைத்துத் துடைத்துக் கொண்டு நின்றார்.

பன்னிரண்டாம் நாள் கூடு காலியாகக் கிடந்தது.

காக்கை. அண்டங்காக்கை. முன்பெல்லாம் மேல்மலையில் அது அத்தனை கிடையாது. டூரிஸ்ட் போடுகிற பிரியாணிப் பொட்டலத்தைத் தொடர்ந்து மலையேறி வந்துவிட்டது. பொட்டலத்தைக் கொண்டுவந்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். கூட்டுக்கு அடையாளமாக ஆபீஸிலிருந்து சார் சிவப்பு ரிப்பன் கட்டின குச்சி நட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் காக்கை வந்திருக்கும் என்று கங்காணி சொன்னார். குச்சிகளைப் பிடுங்கினோம். இரண்டாவது கூட்டுக்கு எந்த அடையாளமும் வைக்கவில்லை, பாறையிலிருந்து இத்தனை எட்டு என்று மனதில் மட்டும் வைத்துக்கொண்டார். அதுவும் போனது.

மறுநாள் சார் திட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்தான், படித்தவர், பொறுமை இல்லாதவர்.

"இந்த சீசன்ல இன்னும் ஒரு கூடுதான் இருக்கு. அதுவும் போச்சுன்னா இந்த வருஷம் ஒரு குஞ்சு கூட இல்ல. திங்கட்கிழமை ஆள் வர்றாங்க, பெர்மிஷன் வாங்கியாச்சு. பொறி வைப்பாங்க. மாட்டுற காக்கையை முடிச்சுருவாங்க."

"எத்தனைய சார் முடிப்பாங்க?" என்று கேட்டார் கங்காணி.

"வர்றதை எல்லாம்."

"ஏன் இந்தத் திட்டுக்கு மட்டும் வருதுன்னு தெரியாமலா? அந்தக் கரையிலயும் புல்லு கெடக்கு, அங்க காக்கா எறங்கல. இத முடிச்சா வேற வரும் சார். திங்கக்கெழம வரைக்கும் நான் பாக்குறேன்."

"பாருங்க" என்றார் சார். "திங்கட்கிழமை வரைக்கும்."

அன்று செவ்வாய். மூன்றாவது கூட்டில் மூன்று முட்டைகள், பொரிக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கங்காணி பாறை மறைவில் போய் உட்கார்ந்தார். நான் என் தூக்குச் சட்டியை ஜீப் சீட்டுக்கு அடியில் தள்ளி மறைத்தேன்.

ஏன் என்று சொல்லியாக வேண்டும்.

என் மனைவிக்கு ஒரு மே மாதம் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள் என்றாள். சீசன் நேரம், மதுரைக் குடும்பம் ஒன்று முன்பணம் கொடுத்துவிட்டு வாசலில் நின்றது. "இரு, சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன். சாயங்காலத்துக்கு முன்பே பக்கத்து வீட்டார் கூட்டிப் போயிருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பதினாறாம் நாள் காரியத்தில் காக்கைக்கு வைத்த சோற்றை எந்தக் காக்கையும் தொடவில்லை. கத்திக் கத்திக் கூப்பிட்டோம். மதில் மேல் வந்து உட்காருகிறது, சோற்றைப் பார்க்கிறது, பறந்துவிடுகிறது. "மனசுல என்னமோ குறை வச்சுக்கிட்டுப் போயிருக்கா" என்று என் காதுபடச் சொன்னார்கள். கடைசியில் அதை எடுத்து மாட்டுக்கு வைத்தார்கள். என்ன குறை என்று எனக்குத் தெரியும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

திட்டுக்கு வந்த முதல் நாள், மற்றவர்கள் கீழ் முனையில் வேலை செய்ய, நான் மேல் முனையில் ஒரு தட்டைக் கல்லில் சாப்பிட உட்கார்ந்தேன். பழக்கத்தில் முதல் கவளத்தைக் கல்லின் ஓரத்தில் வைத்தேன். எங்கிருந்தோ ஒரு காக்கை இறங்கியது. வலது காலில் ஒரு விரல் இல்லை. யோசிக்கவே இல்லை, நேராக வந்து தின்றது. தின்றுவிட்டு என்னைப் பார்த்தது. ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, கல்லில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதேன். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் வைத்தேன். பிறகு அதோடு இன்னும் நாலைந்து வந்தன. கேட்டால் வேடிக்கையாக ஏதாவது சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

இரண்டாவது கூடு போன அன்று என் கல்லின் மேல், நான் சோறு வைக்கிற அதே இடத்தில், ஒரு முட்டை ஓடு கிடந்தது. பழுப்புப் புள்ளி போட்ட சின்ன ஓடு. சுற்றிலும் பார்த்தேன், யாரும் இல்லை. காலால் ஆற்றுக்குள் தள்ளிவிட்டேன்.

சார் வந்து கெடு சொல்லிவிட்டுப் போனது அதற்கு மறுநாள். புதன்கிழமை நான் சோறு வைக்கவில்லை. காக்கை கல்லில் வந்து உட்கார்ந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. கரைந்தது. நான் முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினேன். அது மறுபடியும் கரைந்தது. பதினாறாம் நாள் அவள் வரவில்லை, இப்போது வந்து கேட்கிறாள், நான் இல்லை என்கிறேனா? வைத்துவிட்டேன். ஒரே ஒரு கவளம்தானே என்றேன். வியாழனும் அப்படியே, வெள்ளியும் அப்படியே.

கங்காணி மூன்று நாளும் பாறை மறைவில்தான் இருந்தார். சாப்பிடக்கூட வெளியே வரவில்லை. மாலையில் ஜீப்பில் ஏறும்போது முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவார். எனக்கு அந்த ரோடு அவ்வளவு நீளமாக அதற்கு முன் தெரிந்ததில்லை.

"ஏதாவது தெரிஞ்சுச்சாம்மா?" என்று வெள்ளிக்கிழமை நானே கேட்டேன். திருடன் போலீஸிடம் மணி கேட்பது மாதிரி.

"பாத்துக்கிட்டு இருக்கேண்ணே" என்றார். ஊர் வந்து இறங்கும்போது, "நாளைக்கு நீங்க எங்கூட உக்காருங்க" என்றார்.

சனிக்கிழமை மற்றவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு, நாங்கள் இருவரும் பாறை மறைவில் உட்கார்ந்தோம். எதிரே புல். அறுபது எட்டுத் தள்ளி என் தட்டைக் கல். கல்லுக்கும் எங்களுக்கும் நடுவில், எங்கோ ஒரு புல் கத்தையின் அடியில், மூன்று முட்டைகள். தாய்ப் பறவை ஒரு தடவை எழுந்து பறந்து மறுபடி புல்லுக்குள் இறங்கியது.

பதினோரு மணிக்குக் காக்கை வந்தது. நான் சாப்பிடுவது பன்னிரண்டரைக்கு.

கல்லில் உட்கார்ந்தது. அலகைக் கல்லில் தீட்டியது. என்னை எதிர்பார்த்து ஜீப் வருகிற பக்கம் திரும்பிப் பார்த்தது. ஐந்து நிமிடம் பொறுமையாக இருந்தது. பிறகு கல்லிலிருந்து புல்லுக்குள் இறங்கி, ஆற அமர நடக்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் ஒரு கொத்து, அந்தப் பக்கம் ஒரு கொத்து. பஸ் வருகிற வரை கடைகளை வேடிக்கை பார்க்கிற ஆள் மாதிரி.

"தெனமும் இப்பிடித்தாண்ணே" என்றார் கங்காணி, சத்தம் வராமல். "சோத்துக்கு வெள்ளனே வந்துருது. சோறு வர்ற வரைக்கும் சும்மா இருக்குமா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு உண்டிவில்லை எடுத்து என் கையில் வைத்தார். பக்கத்தில் ஆற்றுக் கூழாங்கல் நாலு.

"நீயே அடிம்மா. எனக்கு முடியாது."

"நான் அடிச்சா என் மூஞ்சியத்தான் ஞாபகம் வச்சுக்கும். நான் இல்லாதப்ப வந்துரும். சோறு போட்ட கையி வெரட்டணும். அப்பத்தான் இந்தத் திட்டே வேணாம்னு போகும். திங்கக்கெழம வந்துச்சுன்னா அது பொறியிலண்ணே."

காக்கை நடந்துகொண்டே வந்தது. தாய்ப் பறவை புல்லிலிருந்து விர்ரென்று எழும்பிக் கத்தியது. காக்கை நின்றது. தலையைத் திருப்பி, அது எழும்பிய இடத்தைப் பார்த்தது.

எழுந்து நின்று வில்லை இழுத்து விட்டேன். கல் இரண்டு கஜம் தள்ளி விழுந்தது. வேண்டுமென்றே தள்ளி அடித்தேன். கங்காணிக்கும் அது தெரிந்தது.

காக்கை பறக்கவில்லை. என்னைப் பார்த்தது. பார்த்து, தெரிந்துகொண்டு, கூட்டை விட்டுவிட்டு என் பக்கமாகத் தத்தித் தத்தி வர ஆரம்பித்தது. சோறு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டது. விரல் இல்லாத கால் கொஞ்சம் சறுக்கச் சறுக்க, என் முன்னால் மூன்று எட்டில் வந்து நின்று, தலையைச் சாய்த்து, ஒரு தடவை மெதுவாகக் கரைந்தது.

"அண்ணே" என்றார் கங்காணி.

குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். வில் எல்லாம் இல்லை, கையாலேயே. "போ!" என்று கத்தினேன். என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. "போடி! போயிரு!" கல் அதன் இறக்கையில் பட்டது. அது ஒரு பக்கமாகச் சரிந்து எழும்பி, தண்ணீருக்கு மேல் தாழப் பறந்து, எதிர்க்கரை வாட்டிலில் போய் உட்கார்ந்தது. அங்கிருந்து பார்த்தது. அடுத்த கல்லையும் எறிந்தேன், அதற்கடுத்ததையும். ஒன்றும் எட்டவில்லை. ஆனால் அது எழும்பி, கரைந்துகொண்டே மேட்டைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்க்கரை மரங்களில் இருந்த மற்ற நாலைந்தும் பின்னாலேயே போயின.

நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். "எப்பத்துலருந்தும்மா தெரியும் உனக்கு?" என்று கேட்டேன்.

"மொதக் கூடு போன மறுநாளே பாத்துட்டேன்."

"முட்டை ஓட்டத் தண்ணியில தள்ளுனது..."

"அதையும் பாத்தேன்."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை வெட்கத்துக்கும் நடுவில் கோபம்தான் முதலில் வந்தது. "அப்பறம் ஏன் சொல்லல? அப்பவே சொல்லியிருந்தா ரெண்டாவது கூடு போயிருக்குமா?"

கங்காணி காலடியில் முளைத்திருந்த ஒரு வாட்டில் கன்றைப் பிடுங்கினார். வேரில் ஒட்டிய மண்ணை உதறினார்.

"போயிருக்காது. அது என்னால போனதுதான்" என்றார். "மதினிக்கு வைக்கிறீகன்னு தெரிஞ்சுருச்சு. வைக்காதீகன்னு எப்பிடிண்ணே சொல்றது? வாய் வரல. இன்னும் பாப்போம், இன்னும் பாப்போம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். பாக்குறதுக்கு ஒண்ணுமே மிச்சமில்ல. சும்மா பாத்துக்கிட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாய்ப் பறவை திரும்பி வந்து, இரண்டு தடவை வட்டமடித்து, புல்லுக்குள் இறங்கியது. அன்று எல்லோரும் ரோட்டில் ஜீப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். ஒரு பருக்கை கீழே விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் கங்காணி. நான் தூக்குச் சட்டியைத் திறந்து, முதல் கவளத்தை உருட்டி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"அத நீங்க சாப்பிடுங்கண்ணே" என்றார். சாப்பிட்டேன். உப்பு அதிகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. ஆனாலும் நாங்கள் இருவரும் போனோம். பாறை மறைவில் பொழுது சாய்கிற வரை உட்கார்ந்திருந்தோம். திட்டில் ஒரு காக்கை இறங்கவில்லை. திங்கட்கிழமை பொறியோடு ஆட்கள் வந்தார்கள், நாள் முழுக்கக் காத்திருந்தார்கள், டீ குடித்தார்கள், பொறியைக் கட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானம் கங்காணி என்னைக் கூப்பிட்டு, புல்லைக் கையால் விலக்கி, ஒரே ஒரு நொடி காட்டினார். மூன்று வாய் திறந்திருந்தது. நொடிக்கு மேல் பார்க்க விடவில்லை. "போதும், வாங்க" என்றார். அவர் போதும் என்று சொல்லிக் கேட்டது எனக்கு அது ஒரு தடவைதான்.

அடுத்த வருடம் அவரை வேறு மலைக்கு அனுப்பிவிட்டார்கள். போகிற அன்று ஜீப்பில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுபோய் விட்டேன். பஸ்ஸின் ஜன்னலில் ஒரு பை கொய்யாவைக் கொடுத்தேன். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், பஸ் கிளம்பிவிட்டது. அந்தக் கோபம் எனக்குள் முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். அந்தக் கல்லை என் கையால் எறிய வைத்தவர் அவர். ஆனால் பொறியில் மாட்டாமல் அந்தக் காக்கை பறந்து போனதும் அவரால்தான். இரண்டையும் ஒன்றாக நினைக்காமல் அவரை நினைக்க எனக்கு வரவில்லை.

திட்டில் இப்போது ஒவ்வொரு கோடையிலும் நெட்டைக்காலி கூடு கட்டுகிறது. நான் வீட்டில், அமாவாசைக்கு அமாவாசை மாடிச் சுவரில் சோறு வைக்கிறேன். அட்டுவம்பட்டிக் காக்கைகள் சத்தம் போட்டுக்கொண்டு வந்து தின்கின்றன. எதையும் நின்று முழுசாகப் பார் என்று கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார் கங்காணி. ரோட்டில் மாடு நின்றால் இப்போது நானே இன்ஜினை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன். காக்கைக்கு வைப்பதில் மட்டும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. சோற்றை வைத்ததும் திரும்பிக் கீழே இறங்கிவிடுகிறேன். வந்த காக்கையின் காலை நான் பார்ப்பதில்லை.